இதை நானே செய்தேன்

லிஃப்ட் மெக்கானிக் தமது முப்பத்தெட்டாவது வயதில் ஒன்றாம் வகுப்பில் ஃபெயிலானார். சிறுவயதில் அதே வகுப்பை முதல் தடவையிலேயே தாண்டி வந்தவர்தான். அப்போது அதை யாரும் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. அவரும் அதைப்பற்றி அப்புறம் நினைத்துப் பார்த்ததில்லை.

அவருடைய மகள் படித்த பள்ளியில் அந்த ஆண்டு 'மகிழ்ந்து கற்றல்' என்றொரு திட்டம் வந்திருந்தது. வாசல் சுவரில் பெரிய சூரியன் ஒன்றை வரைந்து, அது சிரிப்பது தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று முப்பத்திரண்டு பல்லும் வைத்திருந்தார்கள். பார்த்துப் பார்த்து எழுதும் காலம் மலையேறிவிட்டது, இனிமேல் பிள்ளைகள் செய்து, தொட்டு, விளையாடித்தான் கற்பார்கள் என்று வீட்டுக்குச் சுற்றறிக்கை வந்தது. மெக்கானிக்கின் மனைவி மருந்துக்கடை கவுண்டரில் வேலை பார்ப்பவள். கையில் எது கிடைத்தாலும் முதலில் காலாவதித் தேதியைத் தேடுவாள். சுற்றறிக்கையையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. எதுக்கும் பத்திரமா வச்சுக்கங்க" என்றாள்.

மகளுக்கு ஆறு வயது. பட்டாணி என்று கூப்பிடுவார்கள். சும்மா இருக்கத் தெரியாத கைகள் அவளுக்கு. அம்மா கடையிலிருந்து கொண்டுவரும் காலி அட்டைப்பெட்டிகள் எல்லாம் அவள் கைபட்டால் பஸ்ஸாகும், கட்டிலாகும், மூன்று கால் மாடாகும். பசை டப்பாவை ஒளித்துவைத்தால் பற்பசையால் ஒட்டிப் பார்ப்பாள். அது காய்ந்து உதிரும்வரை வீடு முழுக்கப் புதினா வாசனை அடிக்கும்.

முதல் செயல்பாடு 'என் வீடு'. பட்டாணி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்குக் கொடுத்தாள். இருமல் மருந்து வந்த பெட்டியை எடுத்துக்கொண்டாள். ஒரு பக்கச் சுவரில் மூன்று ஜன்னல், எதிர்ச்சுவரில் ஒன்றுகூட இல்லை.

"அந்தப் பக்கம் ஏன் ஒண்ணும் வைக்கல?" என்று கேட்டார் மெக்கானிக்.

"அந்தப் பக்கம் வெயில் அடிக்கும்ல."

கூரையில் ஒரு வாசல் வைத்தாள். அது பூனைக்கு. பிறகு காகிதத்தில் ஓர் அப்பாவை வெட்டி, வாசல் வழியாக உள்ளே விட்டுப் பார்த்தாள். அப்பா நுழையவில்லை. கால்களை மடித்தால் நுழைந்தார். சற்றுநேரம் யோசித்தாள். "மடிச்சா அப்பாவுக்கு வலிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கால்களை நீவிவிட்டு, வாசலைப் பெரிதாக வெட்டினாள். வெட்டுவதும் அளப்பதும் மறுபடி வெட்டுவதுமாக மத்தியானம் போனது. அவ்வளவு நேரமும் ராகமில்லாத ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். அதன் வரிகள் பெரும்பாலும் 'வாசல், வாசல், பெரிய வாசல்' என்றே இருந்தன.

மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது.

'தங்கள் குழந்தை சமர்ப்பித்துள்ள செயல்பாட்டில் குழந்தையின் கைத்தடம் தெளிவாகக் காணப்படுகிறது. நேரில் வந்து விளக்கம் அளிக்கவும்.'

மெக்கானிக் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். வகுப்பறைப் பின்சுவரை ஒட்டி மேசை போட்டு நாற்பது வீடுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றில் ஃபவுண்டன் ஓடியது. ஒன்றில் கேட் தானாகத் திறந்து ஒரு கார் உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போனது. இன்னொன்றில் கட்டட அனுமதி முத்திரையோடு வரைபடம்கூட இணைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளையின் மாமா கட்டடப் பொறியாளராம். கடைசியில், இருமல் மருந்துப் பெயர் பாதி தெரிய, பட்டாணியின் வீடு நின்றது.

வகுப்பாசிரியை இளம்பெண். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "சார், இது பிள்ளை செஞ்ச மாதிரி இருக்கு."

"பிள்ளைதாம்மா செஞ்சது."

"ஐயோ, மெதுவா பேசுங்க. தலைமை ஆசிரியைகிட்ட அப்படிச் சொல்லிடாதீங்க. உடம்பு சரியில்லாம இருந்தேன், அவசரத்துல செஞ்சேன்னு சொல்லுங்க."

"நான் செய்யலியேம்மா."

"அதான் சார் பிரச்சினையே."

தலைமை ஆசிரியையின் அறையில் அலமாரி நிறையக் கேடயங்கள் இருந்தன. மெக்கானிக்கை உட்காரச் சொன்னார். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். குறை சொல்வதற்கில்லை, மரியாதையான மனுஷி.

"சார், பிள்ளைங்க சந்தோஷமா கத்துக்கணும். அந்த விஷயத்துல நாங்க விட்டுக்கொடுக்கவே மாட்டோம். நீங்க என்னடான்னா வெட்டறது, ஒட்டறது, கலர் அடிக்கறதுன்னு எல்லா வேலையையும் அந்தப் பிஞ்சு தலையில கட்டியிருக்கீங்க. அப்புறம் அது சந்தோஷப்பட நேரம் எங்கேருந்து வரும்?"

"சந்தோஷமாத்தான் மேடம் செஞ்சா. பாட்டுப் பாடிக்கிட்டே செஞ்சா."

"யார் பார்த்தா?"

"நான் பார்த்தேன்."

"நீங்க பயிற்சி எடுத்தவரா? சொல்லுங்க, மேற்பார்வை இல்லாம ஒரு பிள்ளை சந்தோஷப்பட்டா அது எதுல போய் முடியும்?" மேசையில் இரு கைகளையும் விரித்து வைத்தார். "எட்டு வருஷமா நான் இங்க தலைமை ஆசிரியை. இதுவரைக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை விரல்ல பசை ஒட்டினது கிடையாது. இத நான் பெருமைக்குச் சொல்லல."

ஆனால் பெருமையாகத்தான் சொன்னார். பிறகு ஒரு தாளை நகர்த்தினார். அதில் 'செயல்பாடு' என்ற கட்டத்துக்கு நேராக 'பெற்றோர்: தேர்ச்சி பெறவில்லை' என்று இருந்தது. இதில் தேறாவிட்டால் பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் போக முடியாது என்றும், தேறாத பெற்றோருக்குச் சனிக்கிழமைதோறும் சிறப்பு வகுப்பு உண்டு என்றும் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். கோபம் வரும் என்று வழியெல்லாம் எதிர்பார்த்தார். வீடு வரும்வரை வரவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"நான் ஃபெயிலாம்."

"நீங்களா? எதுல?"

"ஒண்ணாங்கிளாஸ்ல."

மனைவி சிரிக்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை வகுப்புக்கு அவரோடு சேர்த்துப் பதினொரு பேர். ஒன்றாம் வகுப்புப் பெஞ்சிலேயே உட்காரவைத்தார்கள். முழங்கால் மோவாயைத் தொட்டது. பாடம் எடுத்தவர் செயல்பாட்டு ஒருங்கிணைப்பாளர். போன வருஷம்வரை விளையாட்டு மாஸ்டராக இருந்தவர். மகிழ்ந்து கற்றலுக்கு நேரம் வேண்டுமென்று விளையாட்டுப் பீரியடை எடுத்துவிட்டார்கள். மாஸ்டர் மட்டும் விசிலோடு மிஞ்சினார். அவரை வீணாக்குவானேன் என்று இந்தப் பதவியைக் கொடுத்திருந்தார்கள்.

"கத்தரிக்கோலைக் கையில் எடு!" ஒரு விசில். "கோட்டின் மேல் வை!" இன்னொரு விசில். "மகிழ்ச்சியோடு வெட்டு!"

மெக்கானிக்குக்கு இடப்பக்கம் தையற்காரம்மா. அவர் முதல் வாரமே எல்லாவற்றிலும் முதலிடம். வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டர். நேர்கோட்டில் வெட்டவில்லை என்று மூன்று வாரமாக அவரைத் தேற்றாமல் வைத்திருந்தார்கள்.

"காலையிலதான் ஒருத்தருக்கு இதய ஆபரேஷன் பண்ணிட்டு வர்றேன்" என்று மெக்கானிக்கின் காதில் முணுமுணுத்தார் டாக்டர். "அவர் பிழைச்சிட்டார். இந்தக் காகித வாத்துதான் மூக்கில்லாம போயிடுச்சு."

ஒருங்கிணைப்பாளர் வாத்தை உயர்த்திக் காட்டினார். "இதுதான் கவனக்குறைவு. இப்படிச் செஞ்சா உங்க பிள்ளை எப்படி சார் முன்னேறும்?" டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு ஒருங்கிணைப்பாளர் மேசைக்கு அடியிலிருந்து இருமல் மருந்துப் பெட்டி வீட்டை எடுத்தார். தவறுக்கு எடுத்துக்காட்டாக அதைப் பள்ளி வைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெஞ்சாகக் கைமாறி வந்தது. ஜன்னல் ஒரே பக்கம் இருப்பதையும் கூரையில் ஓட்டை இருப்பதையும் ஒவ்வொருவரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மெக்கானிக்கின் கைக்கு வந்தபோது அவர் வாசல் வழியாக உள்ளே பார்த்தார். காகித அப்பா கால்கள் நேராக, தலை கூரையில் இடிக்காமல், நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தார். மெக்கானிக் வீட்டை டாக்டரிடம் கொடுத்தார். டாக்டர் சற்று அதிக நேரம் வைத்திருந்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குக் கொடுத்தார்.

பிள்ளைகளும் சனிக்கிழமை வந்தாக வேண்டும். பெற்றோர் செயல்படும்போது பிள்ளைகள் மகிழ வேண்டும் என்பது விதி. வகுப்பறைக்கு வெளியே தாழ்வாரத்தில் கைகட்டி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் சிரித்த முகம் அச்சடித்த அட்டை ஒன்று தொங்கியது. கால்மணிக்கு ஒருமுறை விசில் ஊதினால் பிள்ளைகள் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். வகுப்பாசிரியை எண்ணிக் குறித்துக்கொள்வாள். முதலில் அழுத முகமும் அச்சடிப்பதாக இருந்ததாம். தேவைப்படாது என்று விட்டுவிட்டார்கள்.

இன்னொரு சனிக்கிழமை மெக்கானிக் நட்சத்திரம் வெட்டிக்கொண்டிருந்தபோது தாழ்வாரத்தில் ஏதோ அசைவு தெரிந்தது. குழாய் ஒழுகி, சுவரோரக் கால்வாயில் விரலளவுக்கு நீர் ஓடிக்கொண்டிருந்தது. பட்டாணி அதில் ஒரு வேப்பிலையைப் போட்டாள். இலை மெல்ல நகர்ந்தது. பக்கத்திலிருந்த பெண் ஒரு குச்சியைப் போட்டாள். குச்சி இலையை முந்தியது. மூன்றாவது பிள்ளை கூழாங்கல் போட்டது. அது போட்ட இடத்திலேயே நின்றது. "ஏன் அது போகல?" "அது கனம்." "அப்ப காகிதம்?" பதினொரு பிள்ளைகளும் கைக்கட்டை அவிழ்த்துவிட்டுக் கால்வாயின் மேல் கவிந்தார்கள். யாரோ கூழாங்கல்லைக் காகிதத்தின் மேல் ஏற்றினார்கள். காகிதம் கல்லைச் சுமந்துகொண்டு கொஞ்சதூரம் போனது. 'ஹோ' என்று ஒரு சத்தம் எழுந்தது.

வகுப்பாசிரியை அதைப் பார்க்காததுபோல் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் ஆனது அவ்வளவுதான்.

விசில் அலறியது. "செயல்பாடு நடக்கும்போது என்ன விளையாட்டு? கையைக் கட்டு! அட்டையைத் தூக்கு!"

பதினொரு சிரித்த முகங்கள் உயர்ந்தன. திங்கட்கிழமை அந்தக் கால்வாயைச் சிமெண்ட் போட்டு மூடினார்கள். வகுப்பாசிரியையை ஐந்து நாள் மகிழ்ச்சிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்து எழுந்தபோது மெக்கானிக்கின் கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உறைக்கட்டும் என்று தொடையைக் கிள்ளினார். வேறு யாருடைய தொடையையோ கிள்ளியதுபோல் இருந்தது.

ஆண்டு முடிவில் செயல்பாட்டுத் திருவிழா வரும், கல்வி அதிகாரி நேரில் பார்வையிடுவார், அதில் கிடைப்பதுதான் இறுதி மதிப்பெண் என்று அறிவித்தார்கள். தலைப்பு 'நாம் பயன்படுத்தும் இயந்திரம்'.

"கடையில வாங்கிடுங்களேன்" என்றாள் மனைவி. "எல்லாரும் அங்கதான் வாங்கறாங்களாம். எதுக்கு இந்த அவஸ்தை?"

கடை பள்ளிக்கு எதிரிலேயே இருந்தது. முன்னால் நோட்டும் பென்சிலும். திரைக்குப் பின்னால் இயந்திரங்கள்.

"ஒண்ணாங்கிளாஸா ரெண்டாங்கிளாஸா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஒண்ணு."

"பிள்ளை கை நடுக்கத்தோட வேணுமா, நடுக்கம் இல்லாமலா?"

மெக்கானிக்குக்குப் புரியவில்லை.

"நடுக்கத்தோடன்னா அங்கங்க லேசா கோணலா இருக்கும். பார்க்கிறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும். ஆனா அதுக்கு ஆள் கிடைக்கறதில்ல சார், ரேட் கூட. நல்லா வெட்டறவன் ஆயிரம் பேர் இருக்கான். பிள்ளை மாதிரி வெட்டறவன் நம்மகிட்ட ஒருத்தன்தான். அவனும் லீவு கேக்கறான்."

அலமாரியில் ஒரு லிஃப்ட்டும் இருந்தது. மெக்கானிக் அதை எடுத்துச் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"கதவு திறந்திருக்கும்போதே மேல போகுதே. இது தப்பு. பெரிய தப்பு."

"சார், இதுல யாரு போகப்போறா?"

மெக்கானிக் சுவிட்சை அணைத்து அதைத் திரும்ப அலமாரியில் வைத்தார். அந்த லிஃப்ட்டை வாங்க மனம் வரவில்லை. பதினாறு வருஷமாக ஒரு லிஃப்ட்டைக்கூடக் கதவு திறந்த நிலையில் நகரவிடாத ஆள் அவர். நாமே செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தார்.

கழித்துப்போட்ட லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலிருந்து, மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேக்களையும் சிறு மோட்டார் ஒன்றையும் தேற்றினார். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார். நான்கு மாடி. மாடிக்கொரு பொத்தான். கூண்டு இறங்கும்போது அதைச் சமன்செய்ய, பின்னால் ஓர் எடை ஏற வேண்டும். அந்த எடை சரியாக அமைவதில்தான் விஷயமே இருக்கிறது. கூடினாலும் குறைந்தாலும் கூண்டு குலுங்கும்.

பட்டாணி பக்கத்தில் வந்து குந்துவாள்.

"அப்பா, நான் ஒரு ஒயர் சொருகட்டுமா?"

"வேணாம்டா, ஷாக் அடிக்கும்."

"இதுல கரண்டே இல்லியே."

"இருந்தாலும்."

மறுநாள், "அப்பா, இந்த ஸ்க்ரூவ நான் திருப்பவா? இந்த ஒண்ணே ஒண்ணு?"

"அது மரை போயிடும் பட்டாணி. நாளைக்குத் தர்றேன்."

அதற்கு அடுத்த நாள், "அப்பா, பட்டனையாவது தொடலாமா?"

"எல்லாம் முடியட்டும்."

எந்த நாளிலிருந்து அவள் கேட்பதை நிறுத்தினாள் என்று அவருக்குத் தெரியாது. அப்போது அவர் லிஃப்ட்டின் பின்பக்க எடையைக் குறைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தபோது அவள் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடா?" என்றார். அவள் கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினாள். வீட்டுக்கு வந்தும் அதைக் கழற்றவில்லை போலிருக்கிறது.

"பெட்டியெல்லாம் அப்படியே குமிஞ்சு கிடக்குங்க" என்றாள் மனைவி, ஃபிரிட்ஜுக்கு மேலே பார்த்து. "ரெண்டு மாசமா இவ ஒண்ணையும் தொடல. பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடவா?"

"போடு" என்றார். அவர் கண் மூன்றாம் மாடி ரிலேயின் மேல் இருந்தது. மறுநாள் ஃபிரிட்ஜின் மேல் இடம் காலியாக இருந்தது. நல்ல விசாலம்.

பள்ளியில் ஒத்திகை தொடங்கிவிட்டிருந்தது. அதிகாரி முன்னால் வந்து நின்றதும், ஒவ்வொரு பிள்ளையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இதை நானே செய்தேன்" என்று சொல்ல வேண்டும். 'நானே' என்ற இடத்தில் ஓர் அழுத்தம், 'செய்தேன்' என்ற இடத்தில் ஒரு புன்னகை. பத்து நாள் காலையும் மாலையும் விசிலுக்கு விசில் சொல்லவைத்தார்கள். பழகிப் பழகி, ஒரு நாள் வகுப்பில் தண்ணீர் கொட்டிக்கிடப்பதைப் பார்த்து, "யார் பண்ணினது?" என்று வகுப்பாசிரியை கேட்டிருக்கிறாள். நாற்பது பிள்ளைகளும் எழுந்து, கையைப் பின்னால் கட்டி, "இதை நானே செய்தேன்" என்றார்களாம். பயிற்சி முடித்து வந்திருந்த வகுப்பாசிரியை அதை மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு சரியான அளவில் இருந்தது.

திருவிழாவன்று கல்வி அதிகாரி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். அதுவரை பிள்ளைகள் வெயிலில் மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். காட்சிப் பொருள்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே கயிறு கட்டியிருந்தது. அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"நானும் ஒரு காலத்தில் குழந்தையாக இருந்தவன்தான். அதற்கான சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் நாங்கள் கல்லையும் மண்ணையும் வைத்துக்கொண்டு எந்தத் திட்டமும் இல்லாமல் மகிழ்ந்தோம். அதனால்தான் எங்களால் இந்த அளவுக்கு மட்டுமே உயர முடிந்தது. இன்றைய குழந்தைகளை அப்படிக் கைவிட மாட்டோம். குழந்தைகளின் மகிழ்ச்சி மிகமிக முக்கியமானது. அவ்வளவு முக்கியமான ஒன்றைக் குழந்தைகளிடமே விட்டுவைக்க அரசு தயாராக இல்லை."

தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருங்கிணைப்பாளர் விசில் ஊதினார், கைதட்டல் எழுந்தது.

அதிகாரி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். டாக்டரின் பிள்ளை ஒரு தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றது. டாக்டர் அதைத் தையற்காரம்மாவிடம் சொல்லிச் செய்து வாங்கியிருந்தார். அதற்குப் பதிலாக அந்தம்மாவின் இதய அடைப்பைச் சரிசெய்து கொடுத்திருந்தார். "இதை நானே செய்தேன்" என்றது பிள்ளை. டாக்டர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்தது லிஃப்ட். அதிகாரி நின்றுவிட்டார். மெக்கானிக்கே பொத்தானை அழுத்திக் காட்டினார். கதவு மூடிய பிறகே கூண்டு நகர்ந்தது. ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லாமல் நான்காம் மாடிக்குப் போய் நின்றது. கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

"பிரமாதம்!" என்றார் அதிகாரி. "பாப்பா, நீ ஒரு தடவை அழுத்திக் காட்டு."

பட்டாணியின் வலது கை முதுகுப்பக்கத்திலிருந்து முன்னால் வந்தது. கயிறுவரை நீண்டது. பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். மெக்கானிக் தலையாட்டினார், அழுத்து என்றுதான் ஆட்டினார். ஆனால் அந்தத் தலையாட்டலை அவள் இத்தனை மாதத்தில் பார்த்ததில்லை. கை திரும்பிப் போய் முதுகுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது.

"தொடக் கூடாது சார்" என்றாள்.

"என்ன ஒழுக்கம்!" என்று அதிகாரி தலைமை ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தார். "சரி, இதை யாரு செஞ்சா?"

"இதை நானே செய்தேன்." அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. புன்னகை வர வேண்டிய இடத்தில் வந்தது.

"செய்யும்போது உனக்கு எது ரொம்பப் பிடிச்சது?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. ஒருங்கிணைப்பாளர் விசிலை வாயருகே கொண்டுபோய்த் திகைத்தார். பட்டாணி உண்மையாகவே யோசித்தாள். யோசித்துப் பார்க்க அவளிடம் எதுவும் இல்லை.

"பின்னாடி எடைய சரிபண்ணினதுதான் சார்" என்று ஒரு குரல் கேட்டது.

மெக்கானிக்கின் குரல்தான். தான் பேசுவது அவருக்கே முதலில் தெரியவில்லை. "பதினேழு தடவை மாத்தினேன் சார். கடைசியா ஒரு வாஷரைக் கழற்றினேன் பாருங்க, கூண்ட எந்த மாடியில விட்டாலும் அப்படியே நின்னுச்சு. ஒரு மயிரிழை அசையல. அப்ப எனக்கு... எழுந்து ஆடணும்போல இருந்துச்சு சார்." அவர் கண்கள் பளபளத்தன. முகம் ஆறு வயதுப் பிள்ளையின் முகம்போல இருந்தது.

பிறகுதான் சுற்றி நிலவிய அமைதி அவர் காதில் விழுந்தது.

அதிகாரி பேனாவைத் திறந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "குழந்தையின் மகிழ்ச்சி... முறையாக... பெற்றோருக்கு... மாற்றப்பட்டுள்ளது. திட்டத்தின் முழு வெற்றி."

முதல் பரிசு மெக்கானிக்குக்குத்தான். மேடையேற்றி மாலை போட்டார்கள். "ஆண்டுத் தொடக்கத்தில் தோல்வி, ஆண்டு முடிவில் முதலிடம்! விடாமுயற்சிக்கு இவர் ஓர் உதாரணம்!" என்றார் தலைமை ஆசிரியை. ஒருங்கிணைப்பாளர் சல்யூட் அடித்தார். பரிசு ஒரு பெரிய வண்ணப்பென்சில் பெட்டி. கண்ணாடித்தாளைப் பிரிக்காமல் அலமாரியில் வைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். மேடையிலிருந்து அவர் பட்டாணியைத் தேடினார். நாற்பது பிள்ளைகளும் ஒரே மாதிரி கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் எது அவள் என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

தேர்வு முடிவு தபாலில் வந்தது. அவர் இரண்டாம் வகுப்புக்குத் தேறியிருந்தார். பிள்ளைக்கான கட்டத்தில், 'மகிழ்ச்சி: முழுமை. கைகள்: தூய்மை' என்று இருந்தது. மனைவி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே எந்தத் தேதியும் இல்லை.

விடுமுறையில் ஒரு மாலை நல்ல மழை பெய்து ஓய்ந்தது. மெக்கானிக் வேலை முடிந்து வந்தபோது வீட்டு வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. பட்டாணி படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கைகள் முதுகுக்குப் பின்னால்.

"குதி" என்றார்.

"யாரு?"

"நீதான்."

"எதுக்குப்பா?"

"சும்மாதான். தண்ணி தெறிக்கும்."

அவள் தண்ணீரையே பார்த்தாள். எதிர்வீட்டு விளக்கு அதில் நடுங்கியது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு எந்த கிளாஸ்?" என்று கேட்டாள்.

"எந்த கிளாஸும் இல்ல. மார்க்கும் கிடையாது. குதிடா, அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"அப்படின்னா நீங்க குதிங்கப்பா" என்றாள், விட்டுக்கொடுக்கிற குரலில். "நான் பாக்கறேன்."

மெக்கானிக் தெருவைப் பார்த்தார். காய்கறி வண்டிக்காரர் தார்ப்பாயை உதறிக்கொண்டிருந்தார். ஜன்னலில் மனைவி நின்றாள். அவர் டூல்பையைப் படியில் வைத்தார். குதித்தார். தண்ணீர் பூட்ஸுக்குள் போனது. கால்சட்டை முழங்கால்வரை நனைந்தது. குளிர்ந்திருக்க வேண்டும்.

பட்டாணி தலையைச் சாய்த்து ஆராய்ந்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள். "முகம் அப்படியே இருக்கு. சிரிச்சுக்கிட்டே குதிக்கணும்பா."

அவர் சிரித்துக்கொண்டே குதித்தார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது.